வல்லவன் முதலில் இறங்கி வரட்டும்!

சின்னசேலத்தில் அண்மையில் பொதுக்கூட்டம் ஒன்றில் பேசி முடித்து மேடையை விட்டு இறங்கினோம். கடைவீதியில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. கல்வராயன் மலை இருளோடு இருளாகக் கலந்துவிட்ட நேரம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் இளைஞர் வந்தார். மக்காச்சோளம் பயிரிடும் குடும்பத்துப் பிள்ளை. அண்ணே என்று அழைத்து, தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். சின்னசேலத்து மேடையில் நின்று நாம் கண்டித்தால் அது வாஷிங்டன் வரை கேட்குமா என்பது அவருடைய ஐயம்.

நியாயமான ஐயந்தான். அன்றைய கூட்டத்தில் நாம் கண்டித்தது அமெரிக்க வல்லரசின் போக்கை. 1992 செப்டம்பர் 23-ஆம் நாளுக்குப் பிறகு அந்த நாடு அணுகுண்டு எதையும் வெடித்துப் பார்க்கவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் கட்டிக் காத்த அந்த நல்ல வழக்கத்தை முறிப்பதுபோல, 2025 அக்டோபர் 30-ஆம் நாள் குடியரசுத் தலைவர் டிரம்ப், அணு ஆயுதச் சோதனைகளைத் தொடங்குமாறு ஆணையிட்டுவிட்டதாக அறிவித்தார். மற்ற நாடுகள் செய்கின்றன, ஆகவே நாமும் செய்வோம் என்பது அவர் காட்டிய காரணம். வெடிப்பு இல்லாத சோதனைகள்தாம் என்று அவருடைய எரிசக்தி அமைச்சர் பிறகு விளக்கம் சொன்னார். விளக்கம் கேட்டு நெஞ்சம் ஆறுதல் அடையலாம். ஆனால், வல்லரசின் தலைவன் வாயிலிருந்து வந்த சொல், உலகத்தின் காதில் விழுந்துவிட்டதே!

இளைஞருக்கு விடையாக நாம் ஒரு பெயரைச் சொன்னோம். அருகே நின்ற முதியவர்கள் இருவர் புருவத்தை உயர்த்தினர். நம் வாயிலிருந்தா இந்தப் பெயர் என்பதுபோலப் பார்த்தனர். ஆம், சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார் என்ற பெயரைத்தான் சொன்னோம். நமது இயக்கம் ஆச்சாரியார் என்று அழைத்து எதிர்த்தவர். குல்லுகப் பட்டர் என்று பேரறிஞர் அண்ணா எள்ளி நகையாடியவர். பின்னாளில் மூதறிஞர் என்று நாமே மாலையிட்டு மேடையில் அமர்த்தியவர். அவருடைய வாழ்க்கையை இன்று ஒருமுறை புரட்டிப் பார்ப்பது, அந்த இளைஞருக்கு மட்டுமல்ல, நமக்கும் நல்லது.

1878 டிசம்பர் 10-ஆம் நாள், ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர் அவர். அன்று அது சேலம் மாவட்டத்துச் சிற்றூர். சட்டம் பயின்று, 1900-ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். சின்னசேலத்து இரயில் நிலையத்தில் ஏறி மேற்கே போனால் வருகிறதே, அதே சேலம். 1917-இல் அந்த நகராட்சியின் தலைவரானார். வருவாய் கொழித்த தொழிலைக் காந்தியாரின் அழைப்பை ஏற்று உதறினார்; சிறை புகுந்தார். 1930-இல் திருச்சியிலிருந்து வேதாரணியம் வரை தொண்டர்களை நடத்திச் சென்று உப்பு அள்ளினார். உலகத்திலேயே பெரிய வல்லரசாக அன்று விளங்கிய பிரிட்டனை, ஒரு பிடி உப்பைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்த்தவர்களில் அவர் ஒருவர். இதை மறுப்பவர் எவருமில்லை.

1937-இல் சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சரானார். அங்கேதான் நமக்கும் அவருக்கும் மோதல் மூண்டது. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். தமிழகம் கொதித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைக்கோட்டம் ஏகினர். தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு சென்றனர். தந்தை பெரியார் சிறையில் அடைக்கப்பட்டார். தோழர்கள் நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைப்பட்ட நிலையிலேயே உயிர் நீத்தனர். வெள்ளையன் விடுதலை வீரர்களை ஒடுக்க வைத்திருந்த கிரிமினல் சட்டத் திருத்தத்தை எடுத்து, இந்தியை எதிர்த்த தமிழர்மீதே வீசினார் ஆச்சாரியார். அந்த வடு ஆறிவிட்டது என்று நாம் பொய் சொல்ல மாட்டோம்.

அதே 1939-இல் இன்னொன்றும் நடந்தது. ஐரோப்பாவில் போர் வெடித்ததும், இந்த நாட்டு மக்களை ஒரு வார்த்தை கேட்காமல், இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக வைசிராய் அறிவித்தார். வல்லரசுகளுக்கு இது வழக்கம். சண்டை அவர்களுடையது, சாவு மட்டும் எல்லாருக்கும் பங்கு! அதைக் கண்டித்துக் காங்கிரசு அமைச்சரவைகள் பதவி விலகின. ஆச்சாரியாரும் அக்டோபர் இறுதியில் நாற்காலியை விட்டு இறங்கினார்.

பிறகு அவர் வகித்த பதவிகள் பல. மேற்கு வங்க ஆளுநர், 1948 முதல் 1950 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரல், டில்லியில் உள்துறை அமைச்சர், 1952-இல் மீண்டும் சென்னை முதலமைச்சர். 1953-இல், பிள்ளைகள் அரை நாள் பள்ளிக்கு வந்தால் போதும், மீதி நேரம் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். அப்பன் தொழில் பிள்ளைக்கு என்பதன்றி அதற்கு வேறு பொருள் என்ன? குலக்கல்வி என்று பெயரிட்டு நாம் எதிர்த்தோம். 1954 ஏப்ரலில் அவர் பதவி விலகினார், காமராசர் முதல்வரானார், திட்டம் குழிக்குள் போயிற்று. ஆச்சாரியாரின் அரசியல் வாழ்வு அத்தோடு முடிந்தது என்று பலரும் எண்ணினர். வயதும் எழுபத்தைந்தைக் கடந்திருந்தது.

அந்த 1954-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள், பசிபிக் பெருங்கடலில் பிக்கினி என்னும் பவழத் தீவில் அமெரிக்கா ஒரு நீரகக் குண்டை வெடித்தது. கணக்குப் போட்டு வைத்திருந்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அதன் வலிமை கிளம்பிற்று. இரோசிமாவை அழித்த குண்டைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு! நச்சுச் சாம்பல் காற்றில் பறந்து, ரோங்கலாப் என்னும் தீவில் வாழ்ந்த மக்கள்மீது விழுந்தது. வானத்திலிருந்து விழுந்த வெள்ளைத் தூளைச் சிறுவர்கள் கையில் அள்ளி விளையாடினர். தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மீனவர்கள் இருபத்து மூவரும் நோயுற்றனர். ஒருவர் அந்த ஆண்டே இறந்தார்.

அந்த மீனவர்களுக்கும் அமெரிக்காவுக்கும் என்ன பகை? ரோங்கலாப் குழந்தைகள் எந்தப் போரில் எந்தப் பக்கம் நின்றார்கள்? மார்ஷல் தீவுகளை ஐக்கிய நாடுகள் அவை 1947-இல் அமெரிக்காவின் பொறுப்பில் ஒப்படைத்தது, அந்த மக்களைப் பேணி வளர்ப்பதற்காக. 1946-லிருந்து 1958 வரை அங்கே அமெரிக்கா வெடித்தவை 67. காவலுக்கு வைத்தவனே களவாடிய கதை இது. பிரிட்டனும் இதே வழியில் ஆஸ்திரேலியப் பாலையையும் கிறிஸ்துமஸ் தீவையும் நாடிற்று; பிரான்சு அல்ஜீரியப் பாலைவனத்தைத் தேடிச் சென்றது. தன் வீட்டுத் திண்ணையில் வைத்துக் கொளுத்த அஞ்சுகிற வெடியை, ஏழையின் கூரையில் வைத்துக் கொளுத்துவதுதான் அன்றைய வல்லரசுகளின் போர்த்தந்திரம்.

பதவி இழந்த ஆச்சாரியார் பேனாவை எடுத்தார். இந்திய ஏடுகளில் எழுதினார். அமெரிக்க ஏடுகளுக்கும் எழுதினார். பிரிட்டன் 1957-இல் கிறிஸ்துமஸ் தீவில் நீரகக் குண்டுச் சோதனை நடத்தியபோது, இந்தியா காமன்வெல்த்தை விட்டே வெளியேற வேண்டும் என்றார். பிரிட்டிஷ் மன்னரின் பெயரால் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்த மனிதர் அப்படிச் சொன்னார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர் கம்யூனிஸ்டு அல்லர். கம்யூனிசத்தைக் கடுமையாக எதிர்த்தவர். 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, தொழிலும் வாணிபமும் சர்க்காரின் பிடியிலிருந்து விடுபட வேண்டும் என்று வாதாடியவர். அமெரிக்கா விரும்பும் பேச்சைத்தான் பொருளாதாரத்தில் அவர் பேசினார். அமெரிக்காவுக்கு வேண்டாதவர் என்று எவரும் அவர்மீது முத்திரை குத்த முடியாது. ருஷ்யக் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு அமெரிக்கக் குண்டை மட்டும் கண்டித்தவரும் அல்லர். இரு தரப்புக் குண்டுகளையும் வெறுத்தார். அதனால்தான் அவர் கண்டனத்துக்கு எடை இருந்தது.

அவர் வாதத்தின் சாரம் மிக எளிது. குண்டுப் போட்டியில், நீ நிறுத்து, பிறகு நான் நிறுத்துகிறேன் என்று இருவரும் சொல்லிக்கொண்டே இருந்தால் எவரும் நிறுத்தப் போவதில்லை. யார் வல்லவனோ அவன் முதலில் நிறுத்தட்டும். மற்றவன் இணங்கும்வரை காத்திராமல், ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை தாமதிக்காமல், தானாகவே நிறுத்தட்டும். வலிமை உள்ளவன் இறங்கி வந்தால் அது கோழைத்தனம் ஆகாது; எளியவன் இறங்கினால்தான் அது அச்சம் எனப்படும்.

உழவர்களுக்கு நாம் இதை வேறு விதமாகச் சொல்வோம். இரண்டு பெரிய பண்ணையார்களுக்குள் பகை. ஒருவரை ஒருவர் மிரட்டுவதற்காக, ஊர்ப் பொதுக் கிணற்றில் ஆளுக்கொரு கூடை நஞ்சைக் கொட்டிப் பார்க்கிறார்கள். தண்ணீர் குடிப்பவர் யார்? ஊரார்! நிலத்துக்கு வரப்பு உண்டு. வானத்துக்கு வரப்பு ஏது? பசிபிக்கில் எழுந்த நச்சுத்தூள் மேலைக் காற்றிலும் கீழைக் காற்றிலும் ஏறி, மழையோடு மழையாக எல்லா நாட்டு மண்ணிலும் இறங்கியது. அதில் இருந்த ஸ்ட்ரான்சியம் 90 என்னும் பொருள் சுண்ணாம்புச் சத்தைப் போலவே உடலுக்குள் நடந்துகொள்வது. புல்லில் விழுந்து, பசுவின் பாலில் கலந்து, குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் போய்ப் படிந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத் தாய்மார்களும் அறிவியலாளரும் சேர்ந்து, விழுந்த பால் பற்களைத் திரட்டிச் சோதித்து இதை மெய்ப்பித்தனர். தன் குண்டு தன் பிள்ளையின் பல்லிலேயே ஏறியிருப்பதை அமெரிக்கா அப்படித்தான் கண்டது.

1958-இல் வல்லரசுகள் சோதனைகளைச் சற்று நிறுத்தி வைத்தன. 1961 செப்டம்பரில் சோவியத் நாடு அதை முறித்தது. அக்டோபர் 30-ஆம் நாள் 50 மெகாடன் வலிமை கொண்ட, உலகம் அதுவரை காணாத பெருங்குண்டை வெடித்தது. விடுவானா மற்றவன்? 1962 ஏப்ரலில் அமெரிக்காவும் வான்வெளிச் சோதனைகளைத் தொடங்கிற்று. அந்த ஆண்டு ஜூலையில், விண்வெளியின் விளிம்பில் அது வெடித்த ஒரு குண்டு, நெடுந்தொலைவில் இருந்த ஹவாய்த் தீவின் தெரு விளக்குகளையே அணைத்தது.

அந்த 1962 ஜூனில், காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் அணு ஆயுத எதிர்ப்பு மாநாடு டில்லியில் கூடியது. வல்லரசுகளுக்குத் தூது அனுப்புவதென்று முடிவாயிற்று. அமெரிக்கா செல்லும் குழுவுக்கு ஆச்சாரியார் தலைவர். ஆர். ஆர். திவாகரும் பி. சிவராவும் உடன் சென்றனர். எண்பத்து மூன்று வயதுக் கிழவர்! கையில் பதவி இல்லை. பின்னால் படை இல்லை. டில்லியை ஆண்டவர்களோடு ஒத்துப்போனவரும் இல்லை. கடல் கடந்து மேலை நாட்டுக்கு அவர் போனது அதுவே முதல் முறை.

செப்டம்பர் 28-ஆம் நாள், வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்தார். ஒருவருக்கு வயது 45. மற்றவருக்கு அதைப்போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஒதுக்கப்பட்ட நேரம் முடிந்தும் பேச்சு முடியவில்லை, நீண்டுகொண்டே போயிற்று. ருஷ்யா வாக்கை முறித்துவிட்டது, சோதித்துப் பார்க்க வழியில்லாமல் எப்படி நம்புவது என்பதுதான் அன்றைய அமெரிக்கக் கட்சி. அது முழுப் பொய் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால், ஆச்சாரியார் கேட்டது நம்பிக்கையை அன்று. வல்லவனாகிய நீ முதல் அடி எடுத்து வை என்பதைத்தான் கேட்டார். சேலத்து நீதிமன்றத்தில் வாதாடப் பழகிய மனிதர், உலகத்தின் வழக்கை அங்கே வாதாடினார்.

பயன் என்ன? அன்று ஒன்றுமில்லை! அமெரிக்கச் சோதனைகள் நவம்பர் வரை நடந்தன. மூன்று வாரங்களுக்குள் கியூபா நெருக்கடி வந்தது. தன் வாசலில் ருஷ்ய ஏவுகணைகளைக் கண்டு அமெரிக்கா பதறிற்று. துருக்கியில், ருஷ்யாவின் வாசலில், தான் ஏற்கெனவே ஏவுகணைகளை நிறுத்தி வைத்திருந்ததை மட்டும் ஊரறியப் பேச மறுத்தது. பதின்மூன்று நாட்கள் உலகம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. முடிவில் குருஷேவ் வெளிப்படையாகவும், கென்னடி துருக்கி ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக மறைவாகவும், இருவருமே இறங்கி வந்தனர். ஏறி நின்றவர்கள் இறங்கியதால்தான் உலகம் பிழைத்தது.

1963 ஜூன் 10-ஆம் நாள் கென்னடி ஓர் அறிவிப்புச் செய்தார். மற்ற நாடுகள் வான்வெளியில் வெடிக்காதவரை, அமெரிக்கா தானாகவே வான்வெளிச் சோதனைகளை நிறுத்தி வைக்கும் என்பது அந்த அறிவிப்பு. ஆம், முதல் அடி! இரண்டு மாதங்கள் முடியுமுன், ஆகஸ்டு 5-ஆம் நாள், அமெரிக்காவும் சோவியத் நாடும் பிரிட்டனும் மாஸ்கோவில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வானிலும் கடலடியிலும் விண்வெளியிலும் வெடிப்பதில்லை என்று உறுதி பூண்டன. இந்தியாவும் அதே மாதத்தில் கையொப்பமிட்டது. குழந்தைகளின் பற்களில் ஏறிய நஞ்சு அதன்பின் குறைந்துகொண்டே வந்தது.

இதை ஆச்சாரியார்தான் சாதித்தார் என்று நாம் பறைசாற்றவில்லை. கியூபா தந்த அச்சம், தாய்மார்கள் எழுப்பிய குரல், அறிவியலாளர்கள் காட்டிய கணக்கு, பல நாடுகளின் கண்டனம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால், அத்தனை குரல்களில் ஒன்று சேலத்திலிருந்து போன குரல். அவர் சொன்ன வழியும் நடக்கக்கூடிய வழிதான் என்று ஓராண்டுக்குள் தெரிந்துவிட்டது.

குறையையும் சொல்லிவிடுவோம். நிலத்தடிச் சோதனைக்கு அந்த ஒப்பந்தம் வாசல் திறந்து வைத்தது. பிரான்சும் சீனாவும் கையெழுத்திடவில்லை. அமெரிக்கா 1992 வரை வெடித்தவை மொத்தம் ஆயிரத்துக்கும் மேல்.

இப்போது நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். வல்லவன் முதலில் இறங்கி வரட்டும் என்று வாஷிங்டனில் வாதாடியவர், 1938-இல் சென்னைக் கோட்டையில் தாமே வல்லவராக வீற்றிருந்தபோது இறங்கி வந்தாரா? இல்லை! நடராசனும் தாளமுத்துவும் இறந்த பிறகும் இறங்கவில்லை. 1953-இலும் தாமாக இறங்கவில்லை. அதிகாரம் கையிலிருந்த நாளில் அவர் கற்காத பாடத்தை, அதிகாரம் போன பிறகு உலகத்துக்குச் சொன்னார். 1965-இல் மாணவர்கள் இந்தியை எதிர்த்துக் கிளர்ந்தபோது, அவரும் இந்தித் திணிப்பை எதிர்த்து நின்றார். 1967-இல் நம்மோடு கைகோத்தார். மனிதர் வளர்ந்தார் என்று மகிழ்கிறோம். முன்பே வளர்ந்திருக்கக் கூடாதா என்று வருந்தவும் செய்கிறோம்.

அந்த அளவுகோலை நம்மீதும் வைத்துப் பார்க்க வேண்டுமல்லவா? 1971-இல் கழக ஆட்சி, நிதி நெருக்கடியின் காரணமாக மதுவிலக்கைத் தள்ளி வைக்க முனைந்தபோது, தொண்ணூற்றை நெருங்கிவிட்ட முதியவர் அல்ல, தொண்ணூற்றைக் கடந்துவிட்ட முதியவர், மழையில் முதல்வர் கலைஞரின் இல்லம் தேடி வந்து வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அப்போது வல்லவர்கள் நாம். இறங்கி வரவில்லை. நிதி நிலை அப்படி, நியாயங்கள் பல உண்டு. வல்லவர்களிடம் நியாயங்களுக்குப் பஞ்சம் ஏற்பட்டதுண்டா? வெள்ளை மாளிகைக்குப் போன அதே கால்கள்தாம் கோபாலபுரத்துக்கும் வந்தன என்பதை மட்டும் குறித்து வைக்கிறோம்.

1972 டிசம்பர் 25-ஆம் நாள் அவர் மறைந்தார். அரசியலில் அவரை எதிர்த்த பெரியார், சக்கர நாற்காலியில் சுடுகாடு வரை வந்து கண்ணீர் விட்டார்.

இன்று நிலைமை என்ன? ஏவுகணைத் தடுப்பு ஒப்பந்தத்தை அமெரிக்கா 2002-இல் உதறிற்று. நடுத்தூர ஏவுகணை ஒப்பந்தத்திலிருந்து 2019-இல் விலகிற்று. எல்லாச் சோதனைகளையும் தடுக்கும் 1996-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை அதன் செனட் சபை 1999-இல் நிராகரித்தது. 2023-இல் ருஷ்யாவும் தான் தந்திருந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. 1974-இலும் 1998-இலும் பொக்ரானில் வெடித்த இந்தியாவும் அதில் கையெழுத்திடவில்லை. எல்லாரும் மற்றவனைக் கைகாட்டுகிறார்கள். 1962-இல் எந்தக் கட்சியைக் கென்னடி தரப்பு பேசியதோ, அதே கட்சிதான் 2025-இல் டிரம்ப் வாயிலிருந்தும் வந்தது. அன்று கேட்க ஒரு கிழவர் போனார். இன்று டில்லியிலிருந்து யார் போகப் போகிறார்கள்? வாணிபத்தில் சலுகை கிடைக்குமா என்று வாசலில் காத்திருப்பவர்கள், வாசலுக்குள் போய் இதைக் கேட்பார்களா?

சின்னசேலத்து இளைஞரிடம் நாம் இவ்வளவும் சொல்ல நேரமில்லை. சுருக்கமாகச் சொன்னோம். குரல் போய்ச் சேருமா என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. குரல் கொடுப்பதை மட்டுமே முடிவு செய்ய முடியும் என்றோம். தன் ஊர்ச் சாலை, தன் ஊர்ப் பள்ளி, தன் ஊர் நெல் மூட்டை பற்றிப் பேசும் உரிமை எப்படி நமக்கு உண்டோ, நம் தலைக்கு மேலே இருக்கும் வானத்தைப் பற்றிப் பேசும் உரிமையும் அப்படியே உண்டு என்றோம்.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, நாம் எதிர்த்த மனிதரை ஏன் எடுத்துக்காட்டாகச் சொன்னீர்கள் என்று கேட்டார். எதிரியிடம் இருந்த நல்லதை ஒப்புக்கொள்வதும் முதலில் இறங்கி வருவதில் சேர்ந்ததுதானே, தம்பி என்றோம். சிரித்தார். அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றித் தீர்மானம் ஒன்றைத் தானே எழுதிப் படிப்பதாகச் சொல்லிவிட்டு, மிதிவண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

அந்தத் தீர்மானத்தை எதிர்பார்த்திருக்கிறோம்.